ஓடாத இயந்திரமும் திரும்பாத பணமும்

ஹரியாணா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், யமுனை ஆறு சமவெளியை அடையும் இடத்திற்கு அருகில் அமைந்துள்ள யமுனாநகர், நமது நாட்டின் ஒட்டுப்பலகைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று. விடியற்காலையில் அந்நகரின் சாலையோரத்தில் நிற்பவர், பாப்லர் மரத்துண்டுகளை ஏற்றிய டிராக்டர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மர மண்டியை நோக்கிச் செல்வதைக் காணலாம். தீக்குச்சித் தொழிலின் தேவையை முன்னிட்டு 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வட இந்திய உழவர்களிடையே பரப்பப்பட்ட இம்மரம், கோதுமை வயல்களின் வரப்புகளிலும் வயல்களினூடேயும் வளர்க்கப்பட்டு, ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் வெட்டப்படுகிறது. பருத்த அடிமரம் ஒட்டுப்பலகை ஆலைக்குச் செல்கிறது. நுனியும் கிளைகளும் ஆலையில் எஞ்சும் கழிவும் முன்னர் விறகாக மட்டுமே மதிக்கப்பட்டன. இவற்றைச் சில்லுகளாக வெட்டினால் துகள்பலகை ஆலைகளுக்கும் கொதிகலன்களுக்கும் விற்கலாம். தேசியத் தலைநகர்ப் பகுதியில் உள்ள தொழிற்சாலைகள் 2023 ஜனவரி 1 முதல் நிலக்கரியைப் பயன்படுத்தலாகாது என்று விதிக்கப்பட்டதும் மர எரிபொருளுக்கான தேவை அப்பகுதியில் கூடியது. இதன் விளைவாக, கையில் சிறிது முதலும் வங்கிக் கடனும் உடைய இளைஞர் சிலர் மரச் சில்லு இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்க முன்வந்தனர்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அலுவல் நிமித்தமாக அப்பக்கம் சென்றிருந்தபோது, அத்தகைய ஒருவரின் கொட்டகையைக் காண நேர்ந்தது. இயந்திரம் தார்ப்பாயால் மூடப்பட்டிருந்தது. முப்பது குதிரைத்திறன் மோட்டாருடன் வரியும் சேர்த்து 4,60,000 ரூபாய்க்கு அதை அவர் வாங்கியிருந்தார். அதில் நான்கு லட்சம் முத்ரா திட்டத்தின்கீழ் பெற்ற கடன். மணிக்கு இரண்டு டன் சில்லு கிடைக்கும் என்று விற்பவர் கூறியிருந்தார். கிடைத்ததோ அதில் பாதிக்கும் குறைவு. அதுவும் தூளும் நீண்ட சிம்புகளும் கலந்தது. ஆலை அதை ஏற்க மறுத்தது. நான்கு மாதங்களில் இருமுறை பேரிங் எரிந்தது, பெல்ட்டுகள் அறுந்தன, விற்பவரின் பழுதுநீக்குநர் மும்முறை வந்து சென்றார். மாதந்தோறும் ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தவணை மட்டும் தவறாமல் வந்து நின்றது. “பணத்தைத் திருப்பிக் கேட்டீர்களா?” என்று வினவினேன். “தொலைபேசியில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், ஐயா” என்றார். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்நிலை அவருக்கு மட்டும் உரியதன்று. செக்கு, மாவரைக்கும் இயந்திரம், செங்கல் அச்சு இயந்திரம், தீவன வெட்டுக் கருவி எனச் சுயதொழிலுக்கு வாங்கப்படும் எதற்கும் இது பொருந்தும். குறையுள்ள இயந்திரத்தைத் திருப்பிக்கொடுத்து விலையைக் கேட்கும் உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமை முதல் சில வாரங்களில் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்தே நிலைக்கிறது. எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறை எங்கே?

பணம் கேட்பதற்கு முன்பு குறை யாருடையது என்பது தெளிவாக வேண்டும். மரச் சில்லு இயந்திரத்தின் அமைப்பு எளிது. கனமான உருளையிலோ வட்டத் தட்டிலோ கத்திகள் பொருத்தப்பட்டு வேகமாகச் சுழல்கின்றன. அவற்றுக்கு எதிரே அசையாத எதிர்க்கத்தி ஒன்று உள்ளது. உள்ளே தள்ளப்படும் மரம் இவ்விரண்டிற்கும் இடையே வெட்டப்படுகிறது. இவற்றின் இடைவெளி மிகச் சிறிதாகவும் கத்தியின் முழு நீளத்திலும் ஒரே சீராகவும் இருத்தல் வேண்டும். அடிச்சட்டம் வளைந்திருந்தாலோ தண்டு நேராக அமையாவிட்டாலோ இடைவெளி ஒருபுறம் அகன்றுவிடும். அப்போது மரம் வெட்டுப்படாமல் கிழிபடும். சிம்பும் தூளும் மிகும். அதிர்வினால் பேரிங் சூடேறி எரியும். இத்தகைய குறையை எத்தனை பேரிங் மாற்றினாலும் நீக்க இயலாது. இது உற்பத்திக் குறை.

கத்தி மழுங்குவது குறையன்று. சில மணி நேரம் ஓடியதும் தீட்டப்பட வேண்டியது அதன் இயல்பு. மரத்துடன் ஆணியோ மண்ணோ சென்றால் அதுவும் விற்பவர் பொறுப்பாகாது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெரும் சந்தேகப் பகுதி உண்டு. விற்பவர்கள் பெரும்பாலும் அடைக்கலம் புகுவது அங்கேதான். அவர்கள் முதலில் சொல்வது “மரம் ஈரம்” என்பது. இரண்டாவது “மின்னழுத்தம் குறைவு” என்பது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. புதிதாக வெட்டிய பாப்லர் மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. ஈரக் கிளையும் இலையும் சல்லடையை அடைத்துவிடும். மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை, தூண்டல் மோட்டாரின் சுழற்றுவிசை மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவது. அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கிராமத்து மின்கம்பியின் கடைசியில் உள்ள கொட்டகையில் இது அரிதான நிகழ்ச்சியன்று. ஆகவே, இயந்திரம் ஓடிய நேரம், அப்போதைய மின்னழுத்தம், போட்ட மரத்தின் வகையும் பருமனும், கிடைத்த சில்லின் எடை ஆகியவற்றை நாள்தோறும் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தல் வேண்டும். சரியான மின்னழுத்தத்தில், காய்ந்த மரத்திலும் இயந்திரம் தோற்றது என்பதை அந்தப் புத்தகம் சொல்லுமானால், பின்னால் எந்த வழக்கறிஞரும் செய்ய இயலாத வேலையை அது செய்துவிடும்.

டிராக்டரால் இயக்கப்படும் இயந்திரமாயின் கணக்கு வேறு. அதன் விசைத் தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுகள் என்ற தரவேகத்தில் ஓடியதா என்பதையே பார்க்க வேண்டும்.

சந்தையின் இயல்பு

இத்தகைய இயந்திரங்கள் ஏன் இவ்வளவு எளிதாகச் சந்தையில் விலைபோகின்றன? பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இது பழகிய வினா. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பழைய மோட்டார் கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது என்ன நிகழும் என்பதை ஆராய்ந்தார். தரத்தைப் பிரித்தறிய இயலாத வாங்குபவர் சராசரி விலையையே தர முன்வருவார். அவ்விலை நல்ல பொருளை விற்பவருக்குக் கட்டுபடியாகாது, அவர் விலகுவார். மட்டமான பொருளே சந்தையில் மிஞ்சும். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவர் வேறு இருவருடன் 2001ஆம் ஆண்டின் நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிறு இயந்திரச் சந்தையில் இக்கோட்பாடு கண்கூடு. நல்ல எஃகு கொண்டு கடைந்த தண்டும் மட்டமான தண்டும் வண்ணம் பூசிய பின் ஒன்றுபோலவே இருக்கும். விலைப்பட்டியலில் வேறுபாடு தெரியும். எனவே குறைந்த விலை வெல்லும். இதற்கு மாற்று மருந்து சுயேச்சையான சோதனையே. வேளாண் இயந்திரங்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் புத்னி, ஹரியாணாவின் ஹிஸார், ஆந்திரத்தின் கர்லதின்னே, அஸ்ஸாமின் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய நான்கு இடங்களில் மத்திய அரசின் பயிற்சி மற்றும் சோதனை நிலையங்கள் உள்ளன. பண்ணைக் கருவி என்ற வகையில் விற்கப்படும் இயந்திரமாயின், சோதனை அறிக்கையின் நகலைக் கேட்பதில் வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை. தொழிற்கூட இயந்திரமாயின் அத்தகைய அறிக்கை கிடைப்பது அரிது. அப்போது, தம் மரத்தைத் தாமே ஏற்றிச் சென்று விற்பவரின் பட்டறையில் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்ப்பதைவிட மேலான சோதனை வேறில்லை. நான் கண்ட அந்த இளைஞர் பட்டறைக்குச் சென்றதேயில்லை. கைப்பேசியில் அனுப்பப்பட்ட ஒரு நிமிடக் காட்சியைக் கண்டே முன்பணம் செலுத்திவிட்டார்.

1930ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது

சரக்கு விற்பனைச் சட்டம் 1930ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விற்பனை ஒப்பந்தத்தின் விதிகளை அது இருவகையாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் உயிர்நாடியான விதி ‘நிபந்தனை’, துணையானது ‘உத்தரவாதம்’. நிபந்தனை மீறப்பட்டால் வாங்குபவர் ஒப்பந்தத்தையே கைவிட்டுப் பொருளை மறுத்து விலையைக் கேட்கலாம். உத்தரவாதம் மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம்; பொருளை மறுக்க முடியாது. ‘வாரண்டி’ என்று நாம் அன்றாடம் சொல்லும் அட்டையையும் சட்டம் கூறும் இந்த உத்தரவாதத்தையும் குழப்பிக்கொள்ளலாகாது.

எழுத்தில் இல்லாவிடினும் சில நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகவே சட்டம் கொள்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அவ்வேலைக்குத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. அதே வகைப் பொருள்களை விற்பதைத் தொழிலாக உடையவரிடம் விவரணத்தின்பேரில் வாங்கினால், அது வணிகத் தரமுடையதாக இருத்தல் வேண்டும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயராலோ காப்புரிமைப் பெயராலோ சுட்டி வாங்கினால், குறிப்பிட்ட வேலைக்குத் தக்கதாக இருக்கும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. ஆகவே ‘இன்ன மாடல் ஒன்று அனுப்புக’ என்று எழுதுவதும், ‘பத்து சென்டிமீட்டர் பருமன் வரை உள்ள பாப்லர் கிளையை மணிக்கு இரண்டு டன் வெட்டக்கூடிய இயந்திரம் வேண்டும், தக்கதை அனுப்புக’ என்று எழுதுவதும் சட்டத்தின் கண்களில் ஒன்றல்ல. இரண்டாவது கடிதம் எழுதியவர் பாதி வழக்கை வென்றவர்.

அடுத்து வருவது மிக முக்கியமானது. பொருளை ‘ஏற்றுக்கொண்ட’ பிறகு, நிபந்தனை மீறலைக்கூட உத்தரவாத மீறலாக மட்டுமே கருத வேண்டும் என்பது 13ஆம் பிரிவின் பொதுவிதி. விலை திரும்பாது, நஷ்டஈடுதான். ஏற்றல் என்பது எப்போது நிகழ்கிறது? 42ஆம் பிரிவு மூன்று வழிகளைக் கூறுகிறது. ஏற்றதாக வாங்குபவர் தெரிவிப்பது ஒன்று. விற்பவரின் உடைமைக்கு மாறான செயல் ஒன்றைப் பொருளின்மீது செய்வது மற்றொன்று. மூன்றாவது, நியாயமான காலம் கடந்தும், மறுப்பைத் தெரிவிக்காமல் பொருளை வைத்திருப்பது. நம் இளைஞர் இவற்றுள் இரண்டில் சிக்கியிருந்தார். இயந்திரம் வந்த அன்று, பழுதுநீக்குநர் காய்ந்த குச்சிகள் சிலவற்றை வெட்டிக் காட்டி, ‘திருப்திகரமாக இயங்குகிறது’ என்ற படிவத்தில் கையொப்பம் பெற்றுச் சென்றார். அதன்பின் நான்கு மாதம் மௌனம். தொலைபேசிப் பேச்சு மெய்ப்பிக்க இயலாத அளவில் மௌனத்திற்கே ஒப்பாகும்.

அந்தப் படிவத்தில் கையொப்பமிட மறுப்பது நம் மரபில் சிறிது கடினமே. வெகுதூரம் வந்த மனிதர், தேநீர் அருந்தியிருக்கிறார், பேருந்துக்கு நேரமாகிறது. எனினும், ‘இரண்டு மணி நேரம் காய்ந்த குச்சியில் மட்டும் ஓட்டப்பட்டது, முழுச் சோதனை செய்யப்படவில்லை’ என்று தம் கையால் எழுதிவிட்டுக் கையொப்பமிடுவதை யாரும் தடுக்க முடியாது. பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை ஏற்றதாகக் கருதலாகாது என்று 41ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வாய்ப்பைக் கேட்டுப் பெற வேண்டும்.

மறுக்க முடிவு செய்தவர் இயந்திரத்தைத் தம் செலவில் லாரி ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. இது தேவையற்றது. மறுப்பைத் தெரிவித்தாலே போதும்; திருப்பி அனுப்பும் கடமை வாங்குபவருக்கு இல்லை என்று 43ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ஆனால் மறுத்த பிறகு அதையே ஓட்டிச் சில்லு விற்றுக்கொண்டிருப்பது மறுப்பை வலுவிழக்கச் செய்யும்.

பதினைந்து நாள்

இனி, சிறு வாங்குபவர்கள் பெரும்பாலும் அறியாத ஒரு சிக்கல். விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதே தக்க பாதுகாப்பு என்று அனுபவமுடையோர் கூறுவர். கூற்று சரியே. ஆயினும் இயந்திரம் செய்து விற்பவரும் பெரும்பாலும் சிறு தொழில் நடத்துபவரே. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய பணம் தாமதமாவதைத் தடுக்க இயற்றப்பட்டது. உடன்பாடு எதுவாயினும் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாள்களுக்கு மேல் தவணை நீளலாகாது. நீண்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் செலுத்த வேண்டும்.

நல்ல நோக்கமுடைய இச்சட்டமே, பழுதான இயந்திரத்திற்குப் பணம் கொடுக்காமல் நிறுத்தியவர்மீது திரும்பக்கூடும். தப்பும் வழியையும் சட்டமே தந்திருக்கிறது. பொருள் வந்த பதினைந்து நாளுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த ஆட்சேபம் நீக்கப்பட்ட நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். தெரிவிக்காவிடில், பொருள் வந்து சேர்ந்த நாளே ஏற்ற நாள். ஆகவே, இயந்திரம் வந்திறங்கிய இரண்டு வாரங்களுக்குள் அதை முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்து, குறை இருந்தால் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் விற்பவருக்கு எழுதிவிட வேண்டும். அறுவடை முடியட்டும், மழை நிற்கட்டும் என்று காத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அவர் நுகர்வோரா?

1930ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம். காலவரம்பு மூன்று ஆண்டு. ஆனால் நீதிமன்றக் கட்டணமும் காலமும் சிறு தொழில் செய்வோருக்குப் பெரும் சுமை. மூன்று லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறாயின், அவசர இடைக்கால உத்தரவு கோரினாலன்றி, வழக்குத் தொடுக்கும் முன்பே சமரச முயற்சி செய்தாக வேண்டும் என்ற விதியும் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் உள்ளது.

நுகர்வோர் ஆணையம் இதைவிட எளிய வழி. அதன் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. வணிக நோக்கத்திற்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்பது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே கூறப்பட்டது. தம் பிழைப்புக்காகச் சுயதொழில் முறையில் தாமே பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்ற விளக்கம் 1993ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே தொடர்கிறது.

எல்லைக்கோடு எங்கே என்பதை உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் விளக்கியது. இயந்திரத்திற்கான வழக்கே அது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சிறு தொழில் நிறுவனம் ஒன்று கடன் பெற்று, இருபது லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட விலையில் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கியது. தாமதத்தையும் குறையையும் கூறி முறையிட்டது. மாநில ஆணையம் இழப்பீடு வழங்கியது. தேசிய ஆணையம், வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம் தேசிய ஆணையத்தின் முடிவை ஏற்றது. ஆனால் தீர்ப்பு கூறிய விளக்கம் சிறு தொழில் செய்வோருக்குப் பயனுடையது. ஆட்டோ ரிக்‌ஷாவையோ கடைசல் இயந்திரத்தையோ வாங்கித் தாமே இயக்குபவர் நுகர்வோர். ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதாலோ குடும்பத்தினர் கைகொடுப்பதாலோ அவர் அத்தகுதியை இழப்பதில்லை. முற்றிலும் பிறரைக் கொண்டு இயக்க வாங்குபவர் நுகர்வோர் அல்லர். பொருளின் விலை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையே தீர்மானிக்கும். தவறான வாயிலைத் தட்டி இழந்த காலத்தை, உரிமையியல் வழக்குத் தொடுக்கும்போது காலவரம்பிலிருந்து கழித்துக்கொள்ள வழியுண்டு என்ற ஆறுதலையும் நீதிமன்றம் தந்தது.

ஆகவே முறையீட்டின் முதல் பத்தியிலேயே, இது தம் பிழைப்புக்கான சுயதொழில் என்பதையும், இயந்திரத்தைத் தாமே இயக்குவதையும், உதவிக்கு உள்ளவர் எத்தனை பேர் என்பதையும் கூறிவிட வேண்டும். கடன் விண்ணப்பத்தில் ‘பன்னிரண்டு பேருக்கு வேலைவாய்ப்பு’ என்று பெருமையாக எழுதியவர்கள் இங்கே சங்கடப்படுவதுண்டு. திட்ட அறிக்கை எழுதித் தரும் முகவர்களின் கைவண்ணம் இவ்வாறு எதிர்பாராத இடத்தில் வினையாகிறது.

ஆணையத்தின் முன்

நுகர்வோர் சட்டத்தின் பெருஞ்சிறப்பு, 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘ஏற்றல்’ என்ற கண்ணியில் சிக்கியவருக்கும் இங்கே வழி இருப்பதுதான். குறை மெய்ப்பிக்கப்பட்டால், அதை நீக்கவும், புதிய பொருள் தரவும், வட்டியுடன் விலையைத் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் ஆணையிட 39ஆம் பிரிவு அதிகாரமளிக்கிறது. முறையீட்டுக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு.

செலுத்திய விலை ஐம்பது லட்ச ரூபாய் வரையாயின் மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரை கட்டணம் ஏதுமில்லை. ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். இருபது லட்சம் வரை 400 ரூபாய். ஐம்பது லட்சம் வரை 1,000 ரூபாய். முறையீடு செய்பவர் வசிக்கும் அல்லது தொழில் புரியும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்த மாறுதல். பட்டியலின் அடியில் ‘வழக்குகள் அனைத்தும் எங்கள் ஊர் நீதிமன்றத்திற்கே’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, ஆயிரம் கிலோமீட்டர் பயணத்திற்கு அஞ்சிப் பலர் பின்வாங்கியது இனித் தேவையில்லை. நடுவர் மன்றத்திற்கே செல்ல வேண்டும் என்ற வாசகமும் நுகர்வோர் முறையீட்டைத் தடுப்பதில்லை. எமார் வழக்கில் 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியுள்ளது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆணையம் செல்லுமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அங்கேயே தீர்வன உண்டு; தீராவிடினும் புகார் எண் ஒரு சான்று.

பரிசோதனையின்றிக் குறையை முடிவு செய்ய இயலாதபோது, பொருளை உரிய ஆய்வுக்கூடத்தின் சோதனைக்கு விடுவதற்கு 38ஆம் பிரிவு வகை செய்கிறது. கட்டணத்தை முறையிடுபவர் முதலில் செலுத்த வேண்டும். அறிக்கை 45 நாளுக்குள் வர வேண்டும். மாத்திரைக்கும் எண்ணெய்க்கும் இது எளிது. ஒரு டன் எடையுள்ள இயந்திரத்தை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப முடியாது. எனவே வல்லுநர் ஒருவரை இயந்திரம் உள்ள இடத்திற்கே அனுப்பக் கோர வேண்டியிருக்கும். அதுவரை இயந்திரத்தைப் பிரித்து வேறொருவரைக் கொண்டு சரிசெய்ய முயல்வது, நல்லெண்ணத்தில் செய்தாலும், சான்றை அழிப்பதாக முடியும். எரிந்த பேரிங்கையும் அறுந்த பெல்ட்டையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், தேதியிட்டுக் கட்டி வைக்க வேண்டும்.

சோதனை தேவைப்படும் முறையீடுகள் ஐந்து மாதத்திலும் மற்றவை மூன்று மாதத்திலும் முடிக்கப்பட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடைமுறை அதற்கு வெகு தொலைவில் உள்ளது என்பதை அரசு ஊழியனாகிய நானே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒத்திவைப்பு, காலிப் பணியிடம், மேல்முறையீடு எனக் காரணங்கள் பல. இந்தத் தாமதமே சமரசத்தில் விற்பவரின் பேரம் பேசும் வலிமையாகவும் அமைகிறது.

வங்கியும் வரியும்

வங்கிக்கும் கடன்பட்டவருக்கும் உள்ள ஒப்பந்தம் தனி. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ளது தனி. இயந்திரம் ஓடாததால் தவணை நிற்காது. இரண்டு வழக்குகளை ஒருசேர நடத்த வேண்டிய நிலை வராமலிருக்க, குறையை விற்பவருக்கு எழுதும் அன்றே வங்கிக் கிளைக்கும் நகல் அனுப்புவது நன்று. தவணைக் காலத்தை நீட்டித் தரும் விருப்பம் கிளை மேலாளருக்கு இருக்கலாம். காரணம் எழுத்தில் இருந்தால்தான் அவரால் செயல்பட இயலும். இயந்திரம் வங்கியிடம் ஈடாக இருப்பதால், அதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் வங்கியின் இசைவு வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின்கீழ் கடன் பெற்றவரின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே மானியம் மூன்றாண்டு வைப்பாகப் பூட்டி வைக்கப்படுகிறது. தொழில் இடையில் நின்றால் மானியமும் ஆபத்துக்குள்ளாகிறது.

சரக்கு மற்றும் சேவை வரி பற்றியும் ஒரு சொல். திரும்பிய பொருளுக்குரிய வரியை விற்பவர் வரவுக் குறிப்பு மூலம் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அந்நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குப் பிறகு இயலாது. அத்தேதி கடந்தால் வரித்தொகை விற்பவருக்கே கைநஷ்டமாகும். பணம் திருப்பித் தரும் மனம் அவருக்கு மேலும் குறையும். பேச்சுவார்த்தையைத் தொடங்கும் காலத்தைத் தேர்வதில் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

யமுனாநகர் இளைஞர் நான் அங்கிருந்த வாரத்திலேயே முதல் கடிதத்தை எழுதினார். நாள், நேரம், எடை ஆகியவற்றை நினைவிலிருந்தும் மின்கட்டண ரசீதுகளிலிருந்தும் தொகுத்துப் பட்டியலாக்கினார். பதிலில்லை. ஆகஸ்டில் மாவட்ட ஆணையத்தில் முறையிட்டார். முதல் நாள் கையொப்பமிட்ட படிவத்தை விற்பவர் அங்கே நீட்டினார். ஆணையம் அனுப்பிய தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர், எதிர்க்கத்தி பதியும் சட்டம் வளைந்திருப்பதை அளந்து அறிக்கை தந்தார். அதன் பிறகே விற்பவர் சமரசத்திற்கு இசைந்தார். முறையிட்டுப் பதினாறு மாதம் கழித்து, இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு தவணைகளில் மூன்றரை லட்ச ரூபாய் திருப்பித் தந்தார். தொகை வங்கிக்கே சென்றது. இடைக்கால வட்டியும் கைமுதலில் ஒரு பங்கும் இளைஞருடைய நஷ்டம். இப்பொழுது அவர் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் டிராக்டர் சில்லு இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறார். ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தையும் கிடைத்த எடையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, டிராக்டர்க்காரரிடமும் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்.